கோல்டு ரூம்ல இருக்கறவரைக்கும் பளபளன்னு இருக்கு, வெளிய எடுத்த ரெண்டாம் நாள் குழி விழுந்து போகுது, ஏன்?

கோல்டுரூம்_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. 10க்கு 10 அடில சின்னதா ஒரு கோல்டு ரூம் போட்டு ஆறு மாசம் ஆச்சு. காய்கறி, பழம் மட்டும்தான் வைக்கறேன், டிஸ்ப்ளேல எப்பவும் 3 டிகிரி காட்டும். காரட், பீட்ரூட், முட்டைகோஸ், காலிஃப்ளவர் பத்தி ஒரு குறையும் சொல்ல முடியாது, வச்ச மாதிரியே வெளிய வருது. தலைவலி கொடுக்கறது வெள்ளரி, கத்தரி, வெண்டை, குடைமிளகா, வாழை இந்த அஞ்சும்தான். ரூமுக்குள்ள போய் பாத்தா இப்பதான் பறிச்ச மாதிரி இருக்கும், நானும் நம்பி வண்டில ஏத்தி அனுப்பிடுவேன், ரெண்டாம் நாள் வாங்கினவங்க கிட்ட இருந்து போட்டோவா வந்து விழும். வெள்ளரி தோல்ல ஊசியால குத்தின மாதிரி குழி குழியா, தொட்டா ஈரமா பிசுபிசுன்னு. கத்தரி வெளிய லேசா பழுப்பு தட்டி இருக்கு, வெட்டிப் பாத்தா விதை எல்லாம் கறுப்பு. வாழை இன்னும் மோசம், காயா வச்சதை வெளிய எடுத்து ஒரு வாரம் ஆகியும் பழுக்கவே இல்ல, சாம்பல் பூத்த மாதிரி ஒரு கலர்ல அப்படியே நின்னுட்டு அப்புறம் கறுத்துப் போச்சு.

ரூம் போட்டுக் கொடுத்தவங்களைக் கேட்டா "கூலிங் பத்தல, 1 டிகிரிக்கு இறக்குங்க"ன்னாங்க. இறக்கினேன், இன்னும் மோசமாச்சு, திரும்ப 3க்கே ஏத்திட்டேன். போன வாரம் கீரை ரெண்டு கிரேட் கண்ணாடி மாதிரி ஆகி, வெளிய வச்சதும் சொதசொதன்னு ஆயிடுச்சு. இது எல்லாம் ஒரே பிரச்சனையா வேற வேறயான்னு கூட தெரியல. யாராவது சொல்லுங்க.

தோட்டக்காரன்:

பூஞ்சை ப்ரோ. ஈரத்தோட உள்ள வைக்கறீங்க, அதான். பறிச்சதும் குளோரின் தண்ணில அலசி நல்லா காய வச்சு உள்ள போடுங்க. டெம்பரேச்சரும் 2ல வச்சுப் பாருங்க, எவ்வளவு கூலிங்கோ அவ்வளவு நல்லது.

அறுவடைக்குப்_பின்:

தோட்டக்காரன் அண்ணா, கோச்சுக்காதீங்க, அலசறது நல்லதுதான் ஆனா இங்க பூஞ்சை கடைசில வந்த விருந்தாளி. தோல் முதல்லயே செத்துப் போச்சு, அந்த ஓட்டை வழியா அது உள்ள போகுது. இன்னும் 2க்கு இறக்கினா அவர் கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்.

புதுசு சார், உங்களுக்கு ரெண்டு தனித்தனி பிரச்சனை. கீரை கண்ணாடி மாதிரி ஆனது உறைஞ்சதால, செல்லுக்குள்ளயும் சுத்தியும் இருக்கற தண்ணி ஐஸ் ஆகி சுவரைக் கிழிச்சிடும், அதான் வெளிய எடுத்ததும் தண்ணி விட்டு தொளதொளன்னு ஆச்சு. மத்த அஞ்சும் உறையவே இல்ல, ஆனாலும் குளிர் அடிச்சுடுச்சு. இதைத்தான் சில்லிங் இஞ்சுரின்னு சொல்றது. உறைஞ்சு சாகறது வேற, உறையாமலே குளிர்ல சாகறது வேறன்னு 1897லயே ஹான்ஸ் மோலிஷ்ங்கற தாவரவியலாளர் பிரிச்சு எழுதிட்டாரு, இன்னும் நம்ம ஆளுங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறாங்க.

விஷயம் இதுதான். வெப்ப நாட்டுல பொறந்த செடியோட காய்க்கு குளிர் பழக்கமே கிடையாது. செல்லைச் சுத்தி இருக்கற சவ்வு கொழுப்பால ஆனது, சூடா இருக்கற வரைக்கும் இளக்கமா இருக்கும், குளிர்ந்தா நெய் உறையற மாதிரி விறைச்சுக்கும். அப்ப உள்ள இருக்கற உப்பு, தண்ணி எல்லாம் கசிய ஆரம்பிக்கும், தனித்தனி அறைல இருக்க வேண்டிய நொதியும் ஃபீனால்ங்கற வேதிப்பொருளும் ஒண்ணா சேர்ந்து பழுப்பாகும், உங்க கத்தரி விதை கறுத்தது அப்படித்தான். இது 1970கள்ல லயன்ஸ், ரெய்சன்னு ரெண்டு பேர் முன்வச்ச விளக்கம், இது மட்டுமே முழுக்கதை இல்லன்னு அப்புறம் வந்தவங்க சொன்னாங்க, ஆனா நமக்கு இவ்வளவு போதும். காரட், கோஸ், பீட்ரூட் எல்லாம் குளிர் பிரதேசத்து ஆளுங்க, 0 டிகிரில வச்சா சந்தோஷமா இருக்கும்.

உங்களை ஏமாத்தறது எதுன்னா, குளிர்ல இருக்கறப்ப எல்லாமே மெதுவா நடக்கும், அடிபட்டதும் அப்படியே தூங்கும். வெளிய எடுத்து சூடு ஏறினதும்தான் மொத்தமா வெளிய வரும். அதனால ரூமுக்குள்ள நின்னு காயைப் பாத்து "நல்லா இருக்கு"ன்னு முடிவு பண்ணாதீங்க, அது பொய் சொல்லுது. எடுத்து ரெண்டு நாள் நிழல்ல வச்சு அப்புறம் பாருங்க.

எது எவ்வளவு தாங்கும்னா, வெள்ளரி 10ல இருந்து 12 வரைக்கும், 10க்குக் கீழ ரெண்டு மூணு நாளைத் தாண்டினாலே வேலைய காட்டும். கத்தரியும் கிட்டத்தட்ட அதே. வெண்டை 7ல இருந்து 10, குடைமிளகா 7 பக்கம் (பச்சையை விட செவப்பா பழுத்தது கொஞ்சம் கூடவே தாங்கும்). வாழை 13, 14, அதுக்குக் கீழ கிட்டயே போகாதீங்க, கப்பல்ல ஏத்தறவங்க அந்த ஒரு டிகிரிக்காக உயிரை விடுவாங்க. தக்காளி நீங்க சொல்லல, காயா இருந்தா 13, நல்லா பழுத்தது 8, 10ல சில நாள் இருக்கும்.

மாடித்தோட்டம்77:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், எனக்கு கோல்டு ரூம் எல்லாம் இல்ல, வீட்டு ஃப்ரிட்ஜ்தான். வாழைப்பழம் உள்ள வச்சா ஒரே ராத்திரில கறுத்துடுது, இதுவும் அதேதானா? தூக்கிப் போட்டுடணுமா? தக்காளியும் ஃப்ரிட்ஜ்ல வச்சா சப்புன்னு இருக்கு, வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, என் நாக்குதான் கோளாறாம்.

அறுவடைக்குப்_பின்:

அக்கா, உங்க நாக்கு சரியாத்தான் இருக்கு. தக்காளி வாசனைக்குன்னு இருக்கற பொருளெல்லாம் 12 டிகிரிக்குக் கீழ உருவாகறது குறைஞ்சுடும், புளிப்பும் இனிப்பும் இருக்கும் ஆனா தக்காளியா இருக்காது. காயா இருந்தா வெளிய வச்சு பழுக்க விடுங்க, முழுசா பழுத்து இனி தாங்காதுன்னு வர்றப்ப மட்டும் உள்ள வைங்க, அதையும் எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டு வெட்டுங்க.

வாழை அதேதான், ஆனா பழுத்த வாழை தோல்தான் கறுக்கும், உள்ள சதைக்கு ஒண்ணும் ஆகி இருக்காது, உரிச்சு சாப்பிடுங்க. காயா இருக்கறதை மட்டும் வைக்காதீங்க, பழுக்க வைக்கற வேலையே நின்னு போயிடும். உருளையும் வேண்டாம், 4க்குக் கீழ போனா மாவு சர்க்கரையா மாற ஆரம்பிக்கும், வறுத்தா கறுகறுன்னு வரும். துளசி ஜாதி இலை எல்லாம் ராத்திரியோட ராத்திரியா கறுக்கும், தண்ணி டம்ளர்ல காம்பு முங்கற மாதிரி வெளியவே வைங்க.

கம்ப்ரசர்_மாமா:

22 வருஷமா இந்த ரூமுங்களை ரிப்பேர் பண்ணிட்டு இருக்கேன், தாவரம் எல்லாம் எனக்குத் தெரியாது, மிஷின் பத்தி சொல்றேன். தம்பி, டிஸ்ப்ளேல 3ன்னா ரூம் 3ன்னு அர்த்தம் இல்ல. சென்சார் இருக்கற அந்த ஒரு இடம் 3. பாதி பேரு சென்சாரை கதவு பக்கத்துல இல்லன்னா காயிலுக்கு (காத்தைக் குளிர வைக்கற குழாய்ச் சுருள், கோல்டு ரூமோட கூலிங் காயில்) திரும்பிப் போற காத்துல தொங்க விட்டுடுவாங்க. காயில் முன்னாடி ஃபேன்ல இருந்து வெளிய வர்ற காத்து அதை விட நாலஞ்சு டிகிரி கீழ இருக்கும். ரூம் 3ன்னா அங்க 0க்குக் கீழ கூட போகும். அந்தக் காத்து நேரா அடிக்கற இடத்துலதான் உங்க கீரை கிரேட் இருந்திருக்கும், சரியா? இலைல தண்ணி அதிகம், சர்க்கரை கம்மி, 0க்கு கொஞ்சம் கீழ போனாலே உறைஞ்சுடும். திராட்சை சர்க்கரையால இன்னும் ரெண்டு டிகிரி தாக்குப் பிடிக்கும்.

முதல்ல ஒண்ணு பண்ணு. ஒரு டம்ளர் நிறைய ஐஸை நுணுக்கிப் போட்டு, முங்கற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி நல்லா கலக்கு. சென்சாரை அவுத்து அதுல முழுசா முக்கி, டம்ளர் ஓரத்தைத் தொடாம அஞ்சு நிமிஷம் வை. 0 காட்டணும். எவ்வளவு தள்ளிக் காட்டுதோ அவ்வளவுதான் உன் டிஸ்ப்ளே பொய். அப்புறம் குத்தற மாதிரி முனை இருக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி காயோட நடுவுல குத்திப் பாரு. காத்து ஏறும் இறங்கும், காய் மெதுவாத்தான் மாறும், கணக்கு காய்க்குள்ள இருக்கறதுதான். காயில் முன்னாடி ஒரு ரெண்டு அடிக்கு எதுவும் அடுக்காத, சுவத்துல இருந்தும் தரைல இருந்தும் ஒரு சாண் விடு.

கோல்டுரூம்_புதுசு:

மாமா, உங்க காலைக் காட்டுங்க. ஐஸ் தண்ணில சென்சாரைப் போட்டா 2 டிகிரி காட்டுது! அப்ப நான் 3ன்னு நம்பிட்டு இருந்தது நிஜமா 1 டிகிரி, 1ன்னு வச்ச அந்த வாரம் ரூம் −1ல ஓடிருக்கு. கீரை கிரேட் நீங்க சொன்ன அதே இடம், ஃபேனுக்கு நேர் கீழ. இன்ஸ்டால் பண்ணினவங்ககிட்ட சொன்னா "அட்ஜஸ்ட்மென்ட் மெனுல மாத்திக்கோங்க"ன்னு ஒரு வரில முடிச்சுட்டாங்க.

இப்ப என்ன பண்றது, எல்லாத்தையும் 8ல வச்சுடவா?

தோட்டக்காரன்:

அப்ப ஏன் எங்க கத்தரி 5 டிகிரில மூணு நாள் இருந்தும் ஒண்ணும் ஆகல? நான் பாத்துட்டுத்தான் சொல்றேன். எல்லாம் புத்தகத்துல இருக்கற மாதிரியே நடக்காது.

அறுவடைக்குப்_பின்:

நீங்க சொல்றது நடக்கும்ணா, அதுலயும் உண்மை இருக்கு. டிகிரி மட்டும் கணக்கில்ல, எத்தனை நாள்ங்கறதும் கணக்கு. 5ல மூணு நாள் ஓடிட்டு அன்னைக்கே சமைச்சுட்டா தெரியாது, அதே 5ல எட்டு நாள்னா தெரியும். இன்னொன்னு, இது கூட்டு வட்டி மாதிரி சேரும். தோட்டத்துல குளிர் ராத்திரி, வண்டில ரெண்டு நாள், கடைல ஒரு நாள், கோல்டு ரூம்ல நாலு நாள்னு எல்லாத்தையும் காய் எண்ணி வச்சுக்கும். கடைசியா யார் கைல இருக்கறப்ப வெடிக்குதோ அவர் தலைல விழும். உங்க கத்தரி எங்கயும் அடி வாங்காம நேரா வந்திருக்கும்.

புதுசு சார், 8 ஒரு சமாதானம்தான், யாருக்கும் முழு நிம்மதி கிடையாது. கோஸ், காரட் சீக்கிரம் தளரும், கீரை மஞ்சளாகும், வாழைக்கும் வெள்ளரிக்கும் இன்னும் அடி விழும். ஒரே ரூம்தான், ரெண்டு நாள்ல எல்லாம் போயிடும்னா 8 பரவால்ல. ஒரு வாரம் வைக்கணும்னா ரெண்டு இடமாப் பிரிங்க, ஒண்ணு 0ல இருந்து 2, இன்னொன்னு 10ல இருந்து 13.

பிரிக்கறப்ப ஒரு பொறி இருக்கு, அதுல விழாதீங்க. 12 டிகிரி பக்கம் வாழையும் தக்காளியும் பழுக்கப் பழுக்க எத்திலீன்னு பழுக்க வைக்கற ஒரு வாயுவை விடும், பக்கத்துல இருக்கற வெள்ளரி மூணு நாள்ல மஞ்சளாகும், கத்தரிக்கு காம்போட தொப்பி கழண்டு விழும். குளிர்ல இருந்து காப்பாத்தி எத்திலீன்கிட்ட கொடுத்த கதையாயிடும். பழுக்கறதை தனியா வைங்க, முடியலன்னா அந்தப் பக்கம் காத்து தினமும் ஒரு தடவையாவது மாறட்டும். குளிர் பக்கமும் ஆப்பிளையும் காரட்டையும் சேர்த்து வைக்காதீங்க, காரட் கசக்கும்.

அப்புறம் ஈரம். குளிரால செத்த தோல்ல இருந்து தண்ணி வேகமா வெளியேறும், அங்கதான் குழி விழுது. காத்துல ஈரப்பதம் 90, 95 இருந்தா அதே அடிக்கு குழி கம்மியாத் தெரியும். வெள்ளரியை ஒவ்வொண்ணா பிளாஸ்டிக் ஃபிலிம்ல சுத்தறதும் மெழுகு பூசறதும் இதுக்குத்தான். சுத்தினா அடி படாதுன்னு இல்ல, கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். குடைமிளகாக்கு ஓட்டை போட்ட கவர் போதும், இறுக்கிக் கட்டினா உள்ள வேர்த்து அழுகும்.

கம்ப்ரசர்_மாமா:

ஈரம் பத்தி பேசினதால சொல்றேன். காயில்ல கட்டற ஐஸ் எல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கற? உன் காய்ல இருந்து உறிஞ்சினதுதான் பாதி, மீதி நீ கதவைத் திறந்து விட்டது. சின்ன காயிலைப் போட்டு பயங்கர குளிரா ஓட்டினா ரூம் வறண்டு போகும், பெரிய காயிலைப் போட்டு ரூமுக்கும் காயிலுக்கும் வித்தியாசம் கம்மியா ஓட்டினா ஈரம் நிக்கும். வாங்கறப்ப காயில் சின்னதுன்னா விலை கம்மின்னு அதைத்தான் தள்ளி விடுவாங்க.

பிரிக்கறதுக்கு ரெண்டாவது மிஷின் வேண்டாம். நடுவுல பஃப் பேனல்ல (குளிர் கடத்தாத ஃபோம் பலகை) ஒரு சுவர் வை, மேல ஒரு சின்ன ஃபேன், கீழ காத்து திரும்பி வர ஒரு துவாரம். ஃபேனுக்கு தனியா ஒரு தெர்மோஸ்டாட். அந்தப் பக்கம் 12க்கு மேல போனா ஃபேன் ஓடி குளிர் பக்கத்துல இருந்து காத்தை இழுக்கும், இறங்கினா நிக்கும். ஃபேன் நிக்கறப்ப மூடிக்கற மாதிரி ஒரு ஷட்டர் போட மறந்துடாத, இல்லன்னா ராத்திரி முழுக்க குளிர் தானா கசிஞ்சு காலைல அதுவும் 6ல நிக்கும். ஃபேன் வாய்க்கு நேரா எதையும் வைக்காத, ஒரு தகடு வச்சு காத்தைத் திருப்பி விடு.

விதைப்பெட்டி:

வெந்நீர்ல முக்கி எடுத்தா குளிர் தாங்கும்னு எங்கயோ படிச்சேன். உண்மையா? சூடு பண்ணினா காய் வெந்துடாதா?

அறுவடைக்குப்_பின்:

உண்மைதான். லேசா சூடு பட்டா காய் அதிர்ச்சில சில பாதுகாப்பு புரதங்களை உருவாக்கிக்கும், அப்புறம் வர்ற குளிரையும் கொஞ்சம் சமாளிக்கும். தக்காளியை 38 டிகிரி காத்துல ரெண்டு மூணு நாள் வச்சுட்டு குளிர்ல போட்டா அடி குறையுதுன்னு பரிசோதனைல பாத்திருக்காங்க. ஆனா ஒரு டிகிரி, ஒரு நிமிஷம் கூடினா நீங்க பயந்த மாதிரி வெந்துடும், ரகத்துக்கு ரகம் மாறும், அளவெடுக்க கருவி இல்லாம இறங்காதீங்க. அதே மாதிரி நடுநடுவுல ஒரு நாள் வெளிய எடுத்து சூடு ஏத்தித் திரும்ப வைக்கறதும் ஒண்ணு உண்டு, பீச் பழத்துக்கு நல்லா வேலை செய்யும். நம்ம மாதிரி கிரேட் தூக்கறவங்களுக்கு சரிப்படாது, ஒவ்வொரு தடவையும் தோல் மேல தண்ணி முத்து முத்தா பூக்கும், அழுகல் அங்க ஆரம்பிக்கும்.

ரொம்ப சுலபமானது ரெண்டு. ஒண்ணு, படிப்படியா இறக்கறது, இன்னைக்கு 18, நாளைக்கு 15, அப்புறம் 12ன்னு. இன்னொன்னு, பழுக்க வச்சு உள்ள வைக்கறது. அவகாடோ காயா இருந்தா 5க்குக் கீழ சதை சாம்பலாகும், பழுத்ததும் 2, 4ல கூட சில நாள் சும்மா இருக்கும்.

பீச்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, அது 0ல இருந்தா கூட ஓரளவுக்கு நல்லா இருக்கும், 2ல இருந்து 5 வரைக்கும்தான் சீக்கிரமே சதை மாவு மாவா ஆகும். கொஞ்சம் ஏத்தி வச்சா நல்லதுன்னு நினைச்சு 4ல வைக்கறவங்கதான் அதிகம் தோத்துப் போவாங்க. அதனால ஒவ்வொண்ணுக்கும் தனியாத்தான் கேக்கணும்.

கோல்டுரூம்_புதுசு:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். சொன்னபடி சென்சாரை சரி பண்ணிட்டேன், சுவர் வச்சாச்சு, ஷட்டர் போட மறந்து மாமா சொன்ன மாதிரியே முதல் நாள் காலைல 6 டிகிரி பாத்து பயந்து, அன்னைக்கே போட்டேன்.

ஒரே நாள் பறிச்ச வெள்ளரி 20 எடுத்தேன். 10ஐ குளிர் பக்கம் 2 டிகிரில, 10ஐ இந்தப் பக்கம் 12ல, அஞ்சு நாள். அஞ்சாம் நாள் எடுத்து டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வச்சேன், என் தம்பியைக் கூப்பிட்டு எது எதுன்னு கேட்டேன், 2 டிகிரில இருந்ததைக் காட்டி "இதுதான் ஃப்ரெஷ்"ன்னான்! அடுத்த நாள் சாயங்காலம் அதே 10ல எட்டுல குழி, விரலால அமுக்கினா தண்ணி விட்டு உள்ள போகுது. 12ல இருந்த பத்துல ரெண்டு மட்டும் நுனில லேசா மஞ்சள், மத்தது கடிச்சா நறுக்குனு சத்தம் வருது. அந்த ரெண்டும் வாழைத் தாருக்குப் பக்கத்து கிரேட், அதையும் மாத்திட்டேன்.

வாழை இப்ப ஒழுங்கா பழுக்குது. கீரைக்கு மேல நனைச்சுப் பிழிஞ்ச கோணி போட்டு, ஃபேன் பக்கம் இல்லாம வைக்கறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. இஞ்சி, சர்க்கரைவள்ளி, பூசணி மூணும் வருது இப்ப. எல்லாமே 12 பக்கத்துல போட்டுடவா?

அறுவடைக்குப்_பின்:

இஞ்சி போடலாம், 12, 13 சரி. சர்க்கரைவள்ளி 13க்குக் கீழ இறங்கவே கூடாது, இறங்கினா வேக வச்சாலும் நடுவுல கட்டை மாதிரி ஒரு கெட்டி நிக்கும், எவ்வளவு நேரம் அடுப்புல வச்சாலும் வேகாது. உங்க ரூம் 12தான், அதனால ஃபேன்ல இருந்து தள்ளி, சூடு கொஞ்சம் கூட இருக்கற மேல் தட்டுல வைங்க, தெர்மாமீட்டரை ஒண்ணுல குத்தியே வைங்க. தோண்டினதும் நேரா வைக்காம 30 டிகிரி பக்கம் ஈரமான இடத்துல ஒரு நாலஞ்சு நாள் ஆற விட்டா காயம் எல்லாம் மூடிக்கும்.

பூசணி அந்த ரூமுக்குள்ளயே வேண்டாம். டிகிரி ஒத்து வரும், ஈரம் ஒத்து வராது, காம்புல இருந்து அழுகும். வறண்ட இடமா, காத்தோட்டமா, ஒண்ணு மேல ஒண்ணு படாம.

கம்ப்ரசர்_மாமா:

காயில் டிஃப்ராஸ்ட், அதான் காயில்ல கட்டின ஐஸை உருக்கி விடறது, எத்தனை மணிக்கு ஒரு தடவை வச்சிருக்க? அதைச் சொல்லாம விட்டுட்ட.

கோல்டுரூம்_புதுசு:

6 மணிக்கு ஒரு தடவை மாமா. அதிகமா?

கம்ப்ரசர்_மாமா:

ஐஸ் எவ்வளவு கட்டுதுன்னு டிஃப்ராஸ்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துப் போடு, பாத்துட்டுச் சொல்றேன்.